உஷார்! மேலே இருந்து யாரும் பார்க்கவில்லை

காரின் முன்கண்ணாடியில் ரப்பர் வட்டு வைத்து ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் வழிகாட்டிப் பெட்டியை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள் என்று டிரைவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “சாட்டிலைட் மேலேருந்து பார்த்துச் சொல்லுது சார். நம்மளைவிட அதுக்குத் தெரியாதா?”

தெரியாது. அது பார்ப்பதே இல்லை. இந்த ஒரு தவறான நம்பிக்கைதான் ஆட்களை ஆற்றுக்குள்ளும், படிக்கட்டிலும், ராத்திரி ஒன்பது மணிக்குக் காட்டுச் செக்போஸ்டிலும் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஜிபிஎஸ் துணைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 24 வேண்டும். இப்போது முப்பதை ஒட்டி இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது இரண்டே விஷயம்: நான் இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் மணி இது. நான்கு துணைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், உங்கள் பெட்டி கணக்குப் போட்டுத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். அதோடு துணைக்கோளின் வேலை முடிந்தது. பாட்டுக் கேட்பவர் யாரென்று வானொலி நிலையத்துக்குத் தெரியாது அல்லவா, அதேபோல்தான் உங்கள் கார் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதே அந்தத் துணைக்கோளுக்குத் தெரியாது. முன்னால் பாலம் இருக்கிறதா, ஆறு ஓடுகிறதா, மெட்ரோவுக்காகப் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா, எதுவும் தெரியாது.

அப்படியானால் “இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்” என்று அவ்வளவு உறுதியாகச் சொல்வது யார்? பெட்டிக்குள் இருக்கும் வரைபடம். யாரோ என்றோ ஒருநாள் அந்தப் பக்கம் வண்டி ஓட்டிப் பதிவு செய்து, கணினியில் கோடு இழுத்து வைத்த படம். கோடு இழுத்த நாளில் அங்கே சாலை இருந்திருக்கும். இன்றைக்கும் இருக்கிறதா என்று பெட்டிக்குத் தெரிய வழியே இல்லை. ஆன் செய்தவுடன் திரையில் ஒரு எச்சரிக்கை வந்து, கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பட்டன் இருக்குமே, அதில் கம்பெனிக்காரர்கள் இதைத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். யார் படித்தோம்?

2024 நவம்பர் 24. உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று பேர், மேப் காட்டிய வழியில் ராம்கங்கை ஆற்றுப் பாலத்தில் ஏறினார்கள். பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போய்விட்டிருந்தது. வரைபடத்தில் மட்டும் பாலம் முழுசாக இருந்தது. கார் ஆற்றில் விழுந்து மூன்று பேரும் இறந்துபோனார்கள். இடிந்த பாலத்தின் வாயில் ஒழுங்கான தடுப்புகூட இல்லை. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீது வழக்குப் பதிவானது, எஃப்.ஐ.ஆரில் மேப் நிறுவனத்தின் தரப்பும் இடம்பெற்றது. என்னைக் கேட்டால், தடுப்பு வைக்காதவர்கள்தான் முதல் குற்றவாளிகள். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்து வண்டியில் இருந்தவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?

‘நம்ம ஊர் நிர்வாகம் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் ஹிக்கரி நகரில் ஒரு சின்னப் பாலம் 2013-ல் இடிந்தது. 2022 செப்டம்பர் 30 அன்று, மகளின் பிறந்தநாள் விருந்து முடிந்து மழை இரவில் வீடு திரும்பிய ஒருவரை மேப் அதே பாலத்துக்குத்தான் அனுப்பியது. பாலம் போய் ஒன்பது வருடம் ஆகியும் வரைபடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. அந்தக் குடும்பம் கூகுள் மீது வழக்குப் போட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில் 2009 ஆகஸ்டில் வழிகாட்டியை நம்பிப் போன ஒரு தாயும் சிறுவனும் மணலில் சிக்கி, சிறுவன் வெயிலிலேயே இறந்துபோனான். அந்தப் பூங்காவின் காவலர்கள் இப்படிப்பட்ட சாவுகளுக்கு ‘டெத் பை ஜிபிஎஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கவனியுங்கள். பரேலியிலும் ஹிக்கரியிலும் இருந்தது செல்போன் மேப். இணையத்தில் இருந்து படத்தைப் புதுப்பித்துக்கொள்ளக்கூடியது. அதற்கே இந்த லட்சணம் என்றால், எஸ்டி கார்டில் ஐந்தாறு வருடத்துக்கு முந்திய படத்தை வைத்துக்கொண்டு இன்னமும் கம்பீரமாக வழி சொல்லும் தனிப்பெட்டியை என்னவென்று சொல்வது? அதனிடம் தென்மாவட்ட பஸ் எங்கே புறப்படும் என்று கேட்டுப் பாருங்கள். கோயம்பேட்டைத்தான் காட்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது 2023 டிசம்பர் 30-ல். போரூர், வடபழனி, மயிலாப்பூர் என்று மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் திருப்பிவிடப்பட்ட சாலைகள் எதுவும் அதற்குத் தெரியாது. ஒருவழிப் பாதை ஆக்கிவிட்ட தெருவில் எதிர்த்திசையில் நுழையச் சொல்லிவிட்டு, அபராதத்தை உங்கள் பெயருக்கு விட்டுவிடும்.

அடுத்தது, பெட்டியின் ஒரு நடிப்பு. வானம் திறந்திருந்தாலே ஐந்து மீட்டர் அளவுக்கு இடம் பிசகுவது சகஜம். அண்ணா சாலை மாதிரி உயரமான கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் பிசகு இன்னும் கூடும். ஆனால் திரையில் பார்த்தால் உங்கள் அம்புக்குறி எப்போதும் சாலையின் நட்டநடுவில்தான் போகும். எப்படி? கணக்குப்படி உங்கள் கார் பக்கத்துக் கடையின் மாடியில் இருக்கிறது என்று வந்தாலும், ‘கார் மாடியில் ஓடாது’ என்று முடிவுகட்டி, அருகில் எந்தச் சாலை இருக்கிறதோ அதன்மேல் இழுத்து வைத்துக் காட்டுகிறது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அருகருகே இரண்டு சாலை இருந்தால்தான் வம்பு. நீங்கள் சர்வீஸ் ரோட்டில் இருப்பீர்கள், அது நான்குவழிச் சாலையில் இருப்பதாக நினைத்து அடுத்த திருப்பத்தைச் சொல்லும். சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொல்லாது. அதே குரல், அதே உறுதி.

மேம்பாலம் என்றால் குழப்பம் இரட்டிப்பு. மேலே பாலம், அதே இடத்தில் நேர் கீழே சாலை. நீங்கள் பாலத்தில் ஏறிவிட்டீர்களா, கீழேயே போகிறீர்களா என்று பெட்டிக்குச் சரியாகப் பிடிபடாது. கத்திப்பாராவில் ஒரு தடவை தப்பான கிளையில் ஏறினால் விமான நிலையம் போக வேண்டியவர் பூந்தமல்லி பார்த்துப் போய்க்கொண்டிருப்பார்; நேரம் போகும், ஃபிளைட் போகும், உயிர் போகாது. நவி மும்பையில் நடந்தது வேறு. 2025 ஜூலையில், பேலாப்பூரில் கழிமுகத்தின் மேலே போகும் பாலத்தில் ஏற வேண்டிய ஒரு பெண்மணி, மேப்பைப் பார்த்தபடி பாலத்துக்குக் கீழே போகும் சாலையில் போய்விட்டார். அந்தச் சாலை முடிவது படகுத் துறையில். கார் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. கடலோரப் போலீஸார் பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தார்.

வண்டியை எடுக்கும் அந்த முதல் நிமிடத்திலும் உஷாராக இருக்க வேண்டும். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் அடித்தளப் பார்க்கிங்கில் இருந்து வெளியே வருகிறீர்கள். உள்ளே சமிக்ஞை இல்லை; பெட்டி இப்போதுதான் துணைக்கோள்களைத் தேடத் தொடங்கியிருக்கிறது. அது போதாதென்று, நின்றுகொண்டிருக்கும் வண்டி எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்று ஜிபிஎஸ்ஸால் சொல்லவே முடியாது. நகர ஆரம்பித்து, போன இடத்தையும் வந்த இடத்தையும் ஒப்பிட்டால்தான் அதற்குத் திசை தெரியும். ஆனாலும் திரையில் அம்புக்குறி எதையோ ஒரு பக்கத்தைக் காட்டியபடி நிற்கும், குரலும் ‘நேராகச் செல்லவும்’ என்று சொல்லும். எது நேர்? பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள் என்று அவசரமாக அந்த அம்பு காட்டிய பக்கம் வண்டியைத் திருப்பினீர்களானால், ஒருவழிப் பாதையில் எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்தபடி நிற்பீர்கள். வெளியே வந்து நூறு மீட்டர் போகும்வரை அந்தப் பெட்டி ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள்.

இனி மலை. தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். 2024 ஜனவரியில் ஊட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கர்நாடகம் திரும்பிக்கொண்டிருந்த நண்பர்கள், கூடலூரில் மேப் சொன்ன ‘வேகமான’ வழியில் நுழைந்தார்கள். அந்த வழி போலீஸ் குடியிருப்புக்குள் புகுந்து, மேட்டில் இருந்து இறங்கும் படிக்கட்டில் போய் முடிந்தது. பெரிய எஸ்.யு.வி. படிகளில் இறங்கி நடுவில் நின்றது. அங்கிருந்த போலீஸாரும் குடியிருப்புக்காரர்களும் சேர்ந்து வண்டியை மீட்டுக் கொடுத்தார்கள். படம் பார்த்து ஊரே சிரித்தது. மழை பெய்த ராத்திரியாக இருந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டோம்.

படிக்கட்டாவது கண்ணுக்குத் தெரியும். கல்லட்டி மலைப்பாதை நல்ல தார்ச்சாலைதான். ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு, கூடலூர் சுற்றிப் போவதைவிட மிகக் குறைவான தூரம். ஆகவே ‘ஷார்ட்டெஸ்ட்’ என்று அமைப்பில் வைத்திருந்தால் பெட்டி கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் காட்டும். அங்கே இருப்பது 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். சமவெளியில் ஓட்டிப் பழகியவர் பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்குவார். பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எத்தனையோ விபத்துகளுக்குப் பிறகு, வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருக்கிறது. வரைபடத்தில் அந்தத் தடை ஏறியிருக்கும் என்று நம்பாதீர்கள். செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பினால் சண்டை போடாமல் திரும்புங்கள். எந்த மலையானாலும், ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் சொல்வது பெட்டிக்குள் எங்கும் பதிவாகவில்லை.

கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. முதுமலை தாண்டி பந்திப்பூர் காட்டுக்குள் போகும் மைசூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்கு மூடியிருக்கும். பெட்டி சொல்லும் ‘வந்துசேரும் நேரம்’ 11.40 என்று காட்டும்போது, நடுவில் ஒரு கேட் ஒன்பது மணிக்கு விழுந்துவிடும் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. குழந்தைகளோடு செக்போஸ்டில் நின்று கெஞ்சிப் பயனில்லை. விலங்குகளுக்காகப் போட்ட தடை, நியாயமானதும்கூட.

கல்லட்டிக் கதையில் ‘ஷார்ட்டெஸ்ட்’ அமைப்பைச் சொன்னேன் அல்லவா, அதே ரகத்தில் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ‘அவாய்ட் டோல்ஸ்’ என்பதை டிக் பண்ணி வைத்திருப்பவர்கள் நம்மிடம் அதிகம். டோல்கேட் காசு மிச்சம் என்பது சரிதான். பகலில் பரவாயில்லை. ராத்திரியில் அதே டிக், நான்குவழிச் சாலையை விட்டு இறக்கி, தெருவிளக்கில்லாத கிராமச் சாலைகளில், கரும்பு டிராக்டருக்குப் பின்னால், கிணற்று ஓரமாக உங்களைக் கூட்டிக்கொண்டு போகும். பின்பக்க விளக்கே இல்லாத டிராக்டர்கள் நம் ஊரில் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை. பெட்டியை வாங்கியவுடன் அமைப்புகளில் போய் ‘ஷார்ட்டெஸ்ட்’டை எடுத்துவிட்டு ‘ஃபாஸ்டர் டைம்’ வையுங்கள். ‘அன்பேவ்டு ரோட்ஸ்’ தவிர்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியோடு சேர்த்து வாங்கிய பெட்டி என்றால் முந்தைய ஆள் எதை எப்படி வைத்தாரோ, ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

மழைக்காலம் தனிக்கதை. தரைப்பாலம் இல்லாத மாவட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறதா? வரைபடத்தில் அதுவும் ஒரு கோடு, பாலாற்றுப் பெரிய பாலமும் ஒரு கோடு. தண்ணீர் மேலே ஓடுகிறதா என்று கோடு சொல்லாது. மகாராஷ்டிரத்தில் அகோலே பக்கம் 2021 ஜனவரியில், மாதக்கணக்காக அணைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த ஒரு பாலத்தின் வழியே மேப் பாதை காட்ட, இருட்டில் கார் நேராக நீருக்குள் போய் ஒருவர் இறந்தார். உள்ளூர்க்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பாலம் முழுகியது தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

எல்லாப் பழியையும் கருவிமேல் போட முடியாது என்பதற்குக் கேரளத்துச் சம்பவம் சாட்சி. 2023 அக்டோபர் 1, நள்ளிரவு தாண்டிய நேரம், கொட்டும் மழை. கொச்சிக்கு அருகே கோதுருத்தில் ஐந்து பேர் வந்த கார் பெரியாற்றில் பாய்ந்து, இளம் டாக்டர்கள் இருவர் இறந்தார்கள். மேப் இடப்பக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் கார் நேராகப் போயிருக்கிறது என்றுதான் அப்போது செய்திகள் வந்தன. யோசித்துப் பாருங்கள்: மழையில் தேங்கிய தண்ணீர், சாலை எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இருட்டு, கண்ணோ திரையில். அந்த நேரத்தில் வழிகாட்டி சரியாகச் சொன்னாலும் ஆபத்துதான். ஐம்பது மீட்டரில் திரும்பு என்று அது சொல்லும். ஐம்பது மீட்டரா, எழுபதா என்று உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். கண் தெரியாத மழையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் ஒதுங்கி நின்றுவிடுவது.

ரயில்வே சுரங்கப்பாதையும் இதே ரகம். புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் 2021 செப்டம்பரில் தேங்கிய தண்ணீரில் காரோடு சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். அங்கே ஜிபிஎஸ்ஸுக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பெட்டி மழைநாளில் அப்படிப்பட்ட ஒரு சுரங்கப்பாதையைத் தயங்காமல் காட்டும் என்பதால் சொல்கிறேன். வண்டி தண்ணீரில் இறங்கிவிட்டால் கதவோடு மல்லுக்கட்டாதீர்கள். வெளித் தண்ணீரின் அழுத்தம் திறக்க விடாது. முதல் வேலை சீட் பெல்ட்டைக் கழற்றுவது, அடுத்த நொடி ஜன்னல் கண்ணாடியை இறக்கி அதன் வழியே வெளியேறுவது. பவர் விண்டோ வேலைசெய்யும் நேரம் கொஞ்சம்தான்.

ஊர்ப் பெயரிலும் ஏமாறலாம். 2009-ல் இத்தாலிக்குச் சுற்றுலா போன ஸ்வீடன் தம்பதி, கேப்ரி தீவுக்குப் போவதாக நினைத்து ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி கார்பி என்ற தொழில் நகரத்தில் போய் இறங்கினார்கள். ‘நீலக் குகை எங்கே?’ என்று அங்கே விசாரித்தார்களாம். தீவுக்குப் போக ஏன் படகே வரவில்லை என்று வழியில் தோன்றாததுதான் ஆச்சரியம். நமக்கு எழுத்தை மாற்றக்கூட வேண்டியதில்லை. 2019-ல் தனி மாவட்டமான திருப்பத்தூர் ஒன்று. சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு திருப்பத்தூர். சமயபுரம் தாண்டி சிறுகனூர் பக்கம் பிரம்மா கோயிலால் பேர்பெற்ற திருப்பட்டூர். மூன்றையும் ஆங்கில எழுத்தில் அடித்தால் பெட்டிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோயிலுக்குக் கிளம்பியவர் ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போய்ச் சேரலாம். புதூர் என்று மொட்டையாக அடித்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். பெயரை மட்டும் அடிக்காமல் பின்கோடு போட்டுத் தேடுங்கள். பிறகு ‘போகலாம்’ பட்டனை அமுக்கும் முன்பு வரைபடத்தைச் சுருக்கி முழுப் பாதையையும் ஒரு தடவை பாருங்கள்: மொத்தம் எத்தனை கிலோமீட்டர், எந்தெந்த ஊர் வழி. மதுரைக்குப் போக வேண்டிய கோடு வேலூர் பக்கம் வளைந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய பெட்டியைக் குறைந்த விலைக்கு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘லைஃப்டைம் மேப்ஸ்’ என்று அட்டையில் போட்டிருப்பது உங்கள் ஆயுளுக்கு அல்ல, பெட்டியின் ஆயுளுக்கு. அந்த ஆயுள் எவ்வளவு என்பதைக் கம்பெனிதான் முடிவுசெய்யும். 2018-ல் டாம்டாம் நிறுவனம் தன்னுடைய பல பழைய மாடல்களுக்கு இனி வரைபடம் புதுப்பித்துத் தர முடியாது என்று அறிவித்தபோது, ‘லைஃப்டைம்’ என்று நம்பி வாங்கியவர்கள் கொதித்தார்கள். இன்னொன்று, ஜிபிஎஸ் கடிகாரம் வாரங்களை 1,024 வரைதான் எண்ணும். பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். அதற்கு முன்பு தயாரான, மென்பொருள் புதுப்பிக்காத சில பெட்டிகள் அதன்பிறகு ஏறுக்குமாறான தேதி காட்டின. வாங்கும் இடத்திலேயே ஆன் செய்து, திறந்த வெளியில் வைத்து, இன்றைய தேதி சரியாக வருகிறதா, வரைபடம் எந்த வருடத்தது என்று பார்த்துவிடுங்கள். கிளாம்பாக்கத்தைத் தேடிப் பாருங்கள், போதும்.

இப்போது பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு வருவோம். கண்ணாடியின் நடுவில், கண்மட்டத்துக்கு வைத்தால் பார்ப்பதற்கு வசதிதான். ஆனால் அந்த உள்ளங்கை அகலத்துக்குப் பின்னால் ஒரு பைக்கே மறைந்துவிடும். டாஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடியின் மேலும், அதன் நேர் எதிரிலும் வைக்கக் கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் வேகத்தில் அந்தப் பெட்டி உங்கள் முகத்துக்கு வரும். கீழ் ஓரத்தில், சாலையை மறைக்காத இடத்தில் வையுங்கள். நம் வெயிலுக்கு அந்த ரப்பர் வட்டு அதிக நாள் தாங்காது. வேலூர் மே மாதத்தில் பூட்டிய காருக்குள் காய்ந்து, பிடி தளர்ந்து, நீங்கள் எண்பதில் போகும்போது பொத்தென்று காலடியில் விழும். விழுந்ததை எடுக்கக் குனியாதீர்கள். பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் பிரேக் மிதிபடாது. சார்ஜர் வயரும் ஸ்டியரிங், கியரோடு சுற்றாமல் இருக்கட்டும். வண்டியை வெயிலில் விட்டுப் போகும்போது பெட்டியைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சூட்டில் வீங்கும். பின்மூடி லேசாக உப்பியிருந்தால் அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள்.

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு நொடியில் 22 மீட்டர் தாண்டும். திரையை மூன்று நொடி பார்த்தால் 66 மீட்டரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். ஓடிக்கொண்டே ஊர்ப்பெயர் அடிப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில், கையடக்கக் கருவிகளை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத விதத்தில் மட்டும் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே போலீஸ்காரரிடம் ‘மேப்தான் பார்த்தேன்’ என்பது முழுத் தப்புவழி ஆகாது. இலக்கைக் கிளம்பும் முன்பே போட்டுவிட்டு, குரலை மட்டும் கேளுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் பெட்டியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

திருப்பத்தைத் தவறவிட்டால் என்ன செய்கிறீர்கள்? நான்குவழிச் சாலையில் தினம் பார்க்கிறோம்: ஊருக்குள் போகும் சர்வீஸ் ரோட்டு வாயைத் தாண்டிவிட்ட கார், ஹஸார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு இடது ஓரமாக ரிவர்ஸில் வரும். பின்னால் நூறில் வரும் ஆம்னி பஸ்ஸுக்கு அது ரிவர்ஸில் வருகிறது என்று புரிவதற்குள் முடிந்துவிடும். அந்த இருநூறு மீட்டருக்காக உயிரைக் கொடுக்காதீர்கள். பெட்டி கோபித்துக்கொள்ளாது, சில நொடியில் ‘ரீகால்குலேட்டிங்’ என்று சொல்லி வேறு வழி போட்டுக் கொடுக்கும். அடுத்த திருப்பம் ஐந்து கிலோமீட்டரில் இருந்தால் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள்.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள், அங்கே உறவினர் வீட்டுக்குப் போய் வாடகைக் கார் எடுப்பவர்கள் கொஞ்சம் கவனிக்கவும். வேகக் கேமரா எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. ஃபிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றிலும் அதை ஓடும் வண்டியில் பயன்படுத்துவது குற்றம். ஜெர்மனியில் 75 யூரோ அபராதமும் லைசென்ஸில் ஒரு புள்ளியும். லண்டனில் வாங்கிய பெட்டியோடு கடல் தாண்டிப் போகும் மாமா, சித்தப்பாக்கள் ஃபெரி ஏறும் முன்பே அதை அணைத்துவிடட்டும்.

திரை சொல்லும் வழியில் திடீரென்று சாலை சுருங்கினால், தார் போய் மண் வந்தால், எதிரே வண்டியே வராமல் கால்மணி நேரம் ஆனால், நின்றுவிடுங்கள். கண்ணில் படும் முதல் டீக்கடையில் “அண்ணே, இந்த வழி நேரா போகுதா?” என்று ஒரு கேள்வி. “போகாதீங்க தம்பி, அங்க பாலம் உள்வாங்கிப் போச்சு, ஸ்கூல் பக்கமா சுத்திப் போங்க” என்று வருகிற பதில் எந்த எஸ்டி கார்டிலும் கிடையாது. வழி கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் ஆண்கள் அதிகம். பின்சீட்டில் இருக்கும் அம்மாக்கள் இந்த விஷயத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தாங்களே கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக, திருடர்கள். பெட்டியைக் கழற்றி டாஷ்போர்டு டிராயரில் போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைக்கிறோம். கண்ணாடியில் அந்த ரப்பர் வட்டு பதிந்த வட்டத் தடம் அப்படியே இருக்கும். உள்ளே ஒரு பெட்டி இருக்கிறது என்று வெளியில் இருப்பவனுக்கு அது விளம்பரம். இறங்கும்போது ஈரத்துணியால் ஒரு துடை துடையுங்கள். பெட்டியில் ‘ஹோம்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. எல்லாரும் முதலில் செய்கிற காரியம் சொந்த வீட்டு முகவரியை அதில் போடுவதுதான். கோயில் வாசலில் உங்கள் கார் கண்ணாடியை உடைத்துப் பெட்டியை எடுத்தவனுக்கு, உங்கள் வீடு எங்கே என்றும் தெரியும், நீங்கள் இப்போது வீட்டில் இல்லை என்றும் தெரியும். கார் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியும் இருந்து, அதையும் வண்டியில் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ‘ஹோம்’ பட்டனில் தெருமுனைப் பெட்ரோல் பங்கையோ, ஏரியா போலீஸ் ஸ்டேஷனையோ போட்டு வையுங்கள்; அங்கிருந்து வீட்டுக்கு வழி உங்களுக்குத் தெரியும். பெட்டியை விற்கும்போதும், சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும், காரையே விற்கும்போதும் ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுத்து, சேமித்த முகவரிகளும் போய்வந்த தடங்களும் அழிந்துவிட்டனவா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.